பச்சை அடித்த மாதிரி வண்டி

2024 அக்டோபர் 17, வியாழன்

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். சின்னது என்று நான்தான் சொல்கிறேன். பட்டறையில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தோட்டங்களிலிருந்து திரும்பி வரும் வண்டிகளைக் கம்ப்யூட்டரில் பதிவதற்கு நான் எழுதிய பக்கத்தில், 'நிலை' என்ற இடத்தில் இரண்டே தேர்வுகள் வைத்தேன்: நல்லது, பழுது. 'பழுது' என்று தொட்டால் 'சரிசெய்' என்ற வேலைச் சீட்டு தானாகவே பட்டறைக் கைப்பேசிக்குப் போய்விடும். யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதிய அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முகுந்தன் அண்ணனின் பட்டறை ரெம்பாவ் போகும் தார்ச் சடக்கில், முன்பு தோட்டத்து லோரிகள் நின்ற கொட்டகையில் இருக்கிறது. செம்பனைக் குலைகளை ஏற்றித் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிதான் இங்கே முக்கிய வேலை. அண்ணன் வெல்டிங் செய்வார். அவர் மனைவி நீலாவதி அக்கா ஆர்டர் பேசுவார், சாமான் வாங்குவார். அக்காவின் தம்பி சன்னாசி குழாய் வெட்டுவார், பெயிண்ட் அடிப்பார், லோரி ஓட்டுவார். நான் பகலில் இங்கே கணக்கு எழுதுகிறேன், மாலையில் ரஹாங்கில் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பின் கடைசிப் பாடத்துக்காக இந்தப் பட்டறைக்கு ஒரு முறைமை செய்துகொண்டிருக்கிறேன். 'விரைந்து மாறும் வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் ஏற்ற நெகிழ்வான தகவல் முறைமை' என்று தலைப்பு. தலைப்பு ஆசிரியர் கொடுத்தது.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. புது ஆர்டர் வந்தால் படம் வரைவதில்லை. ஒரு வண்டி செய்து தோட்டத்துக்கு அனுப்புவார்கள். குலை ஏற்றுபவர்கள் ஒரு வாரம் போல் அதைத் தள்ளிப் பார்ப்பார்கள். பிடிக்காத இடத்தை அவர்களே அறுப்பார்கள், வளைப்பார்கள், சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவார்கள். வண்டி சீரழிந்து திரும்பி வரும். அந்தச் சீரழிவுதான் ஆர்டர். அண்ணன் அதை அளந்து மற்ற வண்டிகளைச் செய்வார். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் வைக்கத் தோன்றவில்லை.

காலையிலிருந்து மழை. தகரக் கூரைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், அதனால் இங்கே சாதாரணப் பேச்சே சண்டை போலக் கேட்கும். இன்று நடந்தது உண்மையான சண்டை.

"மாதிரி வண்டி எங்கடா?" என்றார் முகுந்தன் அண்ணன்.

"அதோ லா மச்சான், கண்ணு முன்னால நிக்குதுல்ல." சன்னாசி அண்ணன் அப்போதுதான் பசியாறிக்கொண்டிருந்தார். நெத்திலி சம்பல் ஒட்டிய விரலால் வாசலைக் காட்டினார்.

வாசலில் பளபளவென்று பச்சைப் பெயிண்டில் ஒரு வண்டி நின்றது.

"அது புது வண்டி. நான் கேக்கிறது தோட்டத்துல இருந்து திரும்பி வந்தத."

"அதான் இது. பிடிய அறுத்து வச்சிருந்தானுங்க. வண்டி நிக்கிற காலையும் அறுத்து வச்சிருந்தானுங்க. புதுக் குழாய் வச்சு வெல்டிங் போட்டு, சுத்தமா பெயிண்ட் அடிச்சிட்டேன். எப்படி?"

அண்ணன் முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எவன்டா உன்ன சரிபண்ணச் சொன்னது?"

"சிஸ்டம்." சன்னாசி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினார். "நீங்களே படிங்க. 'பழுது. சரிசெய்.' கிராணியம்மா சிஸ்டம் சொல்லிச்சு, நான் செஞ்சேன். போன மாசம் சிஸ்டம் சொல்றத கேக்கலன்னு என்னையத்தானே ஏசினீங்க?"

கணக்கு எழுதுவதால் கிராணியம்மா நான்தான். என் பெயர் அர்ச்சனா என்பதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு மூளை இருக்கா?"

"இருந்துச்சு மச்சான். சிஸ்டம் வந்ததும் லீவு குடுத்துட்டேன்."

"எவ்வளவு அறுத்திருந்தானுங்க?"

"ஒரு சாண் இருக்கும்."

"பிடியா, காலா?"

"பிடி... இல்ல, காலு. ரெண்டும்னே வச்சுக்குங்களேன்."

"அறுத்த எடம் தெரியுதா பாரு."

"எப்படித் தெரியும்? கிரைண்டர் போட்டு வழிச்சிட்டேன். ஒட்டுப் போட்ட எடம் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அண்ணன் குனிந்து, பிடியின்மேல் விரலை ஓட்டித் தேடினார். உண்மையாகவே தெரியவில்லை. சன்னாசி அண்ணன் வேலை அவ்வளவு சுத்தம். அதனால் கோபம் இன்னும் கூடியது.

நீலாவதி அக்கா உள்ளேயிருந்து வந்தார். "அர்ச்சனா, படம் எடுத்து வச்சிருப்பியே?"

நான் எடுக்கவில்லை. 'நல்லது' என்று தொட்டால்தான் என் பக்கம் படம் கேட்கும். உடைந்ததை எதற்குப் படம் எடுப்பது என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது யாரும் ஏசவில்லை. அக்கா மட்டும் "ம்ம்" என்றார்.

பிறகு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வள்ளியம்மாவுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார்.

"மண்டோரம்மா, அந்த வண்டியில உங்க ஆளுங்க என்னா பண்ணுனாங்க?"

"என்னாத்த பண்ணுவானுங்க, தள்ளுனானுங்க."

"அறுத்திருக்காங்களே."

"அறுத்தானுங்களா? நான் பாக்கல லா. எனக்கு இங்க ஆள எண்ணவே நேரமில்ல."

"எப்படி வேணும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டா 'பாகுஸ்'னு சொல்லுவானுங்க. நல்லா இருக்குன்னு. வண்டியத் தலைகீழா குடுத்தாலும் அவனுங்களுக்கு பாகுஸ்தான்."

ஃபோனை வைத்ததும் அண்ணன் சொன்னார், "நான் பாசிர் கூடாங் போறேன்."

இது புதுப் பேச்சு இல்லை. பாசிர் கூடாங்கில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறான். அண்ணன் போனால் பட்டறை இல்லை. தீபாவளிக்கு முன் கொடுக்க வேண்டிய இந்த நாற்பது வண்டி ஆர்டர் நல்லபடியாகப் போனால் போகமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்.

"அங்க படம் குடுப்பான், வெல்டிங் போடச் சொல்லுவான். போட்டா முடிஞ்சிச்சு. இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு படம் மாறாது. மனுசனுக்கு நிம்மதி."

"வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"மாசம் ஒருக்கா."

"அப்ப போகும்போது எனக்கும் ஒரு மாதிரி புருசன அனுப்பி வச்சிட்டுப் போங்க. ஒரு வாரம் பாத்துட்டு, எங்க அறுக்கணும்னு சொல்றேன்."

சன்னாசி அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. முகுந்தன் அண்ணன் சிரிக்கவில்லை. மழையிலேயே இறங்கி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலை வகுப்பில் ஆசிரியர், தேவை என்ன என்பதை முதலில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முறைமையைத் தொட வேண்டும் என்றார். "சார், தேவையை யாரும் வாயால் சொல்லாமல் ரம்பத்தால் அறுத்துக் காட்டினால்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நல்ல கேள்வி என்றால் பதில் கிடையாது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நீலாவதி அக்காவே லோரியில் ஏறிவிட்டார். "சொல்லத் தெரியலன்னா செய்யட்டும். நான் பாக்கிறேன்." பச்சை வண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். வழியெல்லாம் சன்னாசி அண்ணன் என் தலைப்பைக் கேட்டு வாங்கி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நெகிழ்வுன்னா என்னா கிராணியம்மா?"

"வளைஞ்சு கொடுக்கிறதுண்ணே."

"உன் சிஸ்டம் எங்க வளைஞ்சிச்சு? அது சொல்றதுக்கெல்லாம் நான்தானே வளையிறேன்."

"வாய மூடிக்கிட்டு சடக்கப் பாருடா," என்றார் அக்கா. "மாடு நிக்குது."

மழை விட்டிருந்தது. ஆனால் செம்பனை மரத்தடியில் நின்றால் மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டேதான் இருக்கும். வள்ளியம்மா மண்டோர், தொப்பிக்குமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்களைக் கண்டதும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்றார். பிறகு ஹசான் என்பவரைக் கூப்பிட்டார். லொம்போக் தீவிலிருந்து வந்த ஆள். மாதிரி வண்டியைத் தள்ளியது அவர்தான்.

ஹசான் பச்சை வண்டியைச் சுற்றி வந்து பெயிண்டைத் தடவிப் பார்த்தார். "பாகுஸ், காக்," என்றார் அக்காவிடம். காக் என்றால் மலாயில் அக்கா.

"பாத்தியா? சொன்னேன்ல," என்றார் வள்ளியம்மா.

அக்கா மலாயில், முன்பு எங்கே அறுத்தாய் என்று கேட்டார். நினைவில்லை என்றார். ஏன் அறுத்தாய்? சும்மாதான். இப்போது எப்படி இருக்கிறது? பாகுஸ். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். அடுப்பில் பால் பொங்கும்போது விடுகிற மாதிரி மூச்சு. "ஏத்து," என்றார். "குலைய ஏத்து. தள்ளு. நான் இங்கயே நிக்கிறேன்."

அன்று குலை வெட்டு பள்ளத்தில். போன வாரம் மலைச்சரிவில் இருந்தவர்கள் இப்போது கீழே இறங்கியிருந்தார்கள். மழைத்தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. ஹசான் குலைகளை ஏற்றித் தள்ளினார். சக்கரம் சேற்றில் புதைந்தது. மறுபடி தள்ளினார், வண்டி அசையவில்லை. அவர் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அது பாகுஸ் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. பிறகு திரும்பி நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டி, பிடியைப் பின்கையால் பிடித்து இழுத்தார். வண்டி வந்தது. ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தரம் அவர் குதிகாலில் இடித்தது. நின்று காலைத் தேய்த்துக்கொண்டார். மட்டையில் தொங்கவிட்டிருந்த டியூப் ரப்பரை எடுத்தார். ஓரமாகக் கிடந்த இரண்டு குழாய்த் துண்டுகளைப் பிடியின் முனையில் வைத்துக் கட்டி, பிடியை நீளமாக்கினார்.

"போன வாரம் குட்டையாக்கினான்," என்றேன் நான். "இப்ப நீளமாக்குறான்."

"போன வாரம் மலை," என்றார் வள்ளியம்மா, இதிலென்ன அதிசயம் என்பது போல. "மலையில பிடி நீட்டமா இருந்தா படியில முட்டும். வண்டிக் காலும் முட்டும். பள்ளத்துல இழுக்கணும், நீட்டமா வேணும். அடுத்த வாரம் மறுபடி மேல ஏறுவோம்."

சன்னாசி அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப நான் அத வழிச்சது தப்பில்லல்ல? அந்த அளவுல நாப்பது செஞ்சிருந்தா இந்தச் சேத்துல நாப்பதும் உக்காந்திருக்கும்."

"உன் தப்பு தப்புதான். வாய மூடு," என்றார் அக்கா. ஆனால் அவர் முகம் மாறியிருந்தது. எனக்கும் அதே யோசனைதான். நேற்று முழுவதும் அழிந்துபோன அளவை நினைத்துப் புலம்பினோம். அந்த அளவு கிடைத்திருந்தாலும் பாதி நாட்களுக்குத்தான் சரியாக இருந்திருக்கும்.

அக்கா நேராகத் தோட்ட ஆபிஸுக்குப் போய்க் கிராணி தர்மராஜிடம் கேட்டார். இருபது வண்டி குட்டைப்பிடி, இருபது வண்டி நீட்டப்பிடி. முடியுமா?

தர்மராஜ் கணினித் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முடியாதுக்கா. நாப்பதும் ஒரே ஐட்டம் நம்பர். இருபது இப்படி, இருபது அப்படின்னா ரெண்டு ஐட்டம். ரெண்டு ஐட்டம்னா புது ஆர்டர். புது ஆர்டர்னா கேஎல் ஹெட் ஆபிஸ். ஹெட் ஆபிஸ்னா ஜனவரி."

"தள்ளுறவங்களுக்கு ரெண்டு விதமா வேணுமே."

"எனக்குப் புரியுது லா. சிஸ்டம் எடுக்காதே."

சன்னாசி அண்ணன் என் தோளைத் தட்டினார். "உன் சொந்தக்காரரா?"

திரும்பும் வழியில் ரெம்பாவில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக் கடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் லோரி நின்றுவிட்டது. ஒரு மலாய்க்காரர் கூடாரத்தின் காலை இழுத்து நீட்டி, குழாயிலிருந்த ஓட்டையில் ஓர் ஆணியைச் செருகினார். தரை மேடாக இருந்த பக்கத்துக் காலைச் சுருக்கிச் செருகினார். பக்கத்துக் கடைக்காரர் அதே கூடாரத்தை வேறு உயரத்தில் நிறுத்தினார்.

"நிப்பாட்டுடா," என்றார் அக்கா.

"நின்னுதான்க்கா இருக்கு. அரை மணி நேரமா."

அக்கா இறங்கிப்போய் அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். கடைக்காரர் கூடாரம் விலைக்கு இல்லை என்றார். பிறகு அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, "குழாய்க்குள்ள குழாய். ஓட்ட. போல்ட்டு. பிடிக்கும் அப்படி, காலுக்கும் அப்படி," என்றார். "நாப்பதும் ஒரே ஐட்டம். தர்மராஜ் வாயையும் மூடலாம்."

"மச்சான் போல்ட்டு போடமாட்டாரு," என்றார் சன்னாசி அண்ணன்.

அவர்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போல்ட்டு போட்டா ஆடும்," என்றார். நான் வகுப்புக்குக் கிளம்பும்போது அவர் பயணப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 19, சனி

பதில் சொல்ல வேண்டிய நாள்.

காலையிலிருந்து நான் முறைமையோடு மல்லுக்கட்டினேன். 'நீளம்' என்ற இடத்தில் ஓர் எண்தான் போகும். இனி ஓட்டைக்கு ஒன்றாகப் பிடிக்கு நான்கு நீளம். இரண்டாவது எண்ணைப் போட்டால் முதல் எண்ணை அது விழுங்கிவிடுகிறது. கடைசியில் 'நீளம்' என்பதையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மூன்று இடங்கள் வைத்தேன்: எங்கே தள்ளினார்கள், என்ன மாற்றினார்கள், படமோ குரலோ. மூன்றாவதில் எதை வேண்டுமானாலும் போடலாம். இது சரியா என்று தெரியவில்லை. ஆசிரியர் இதை முறைமை என்று ஒத்துக்கொள்வாரா என்பதும் சந்தேகம்தான். சன்னாசி அண்ணன் சோதித்துப் பார்க்கிறேன் என்று, தான் கொட்டாவி விடும் சத்தத்தைப் பதிந்தார். அது ஒழுங்காகப் பதிந்தது.

முகுந்தன் அண்ணன் வாசலில் தேக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்பு போடவில்லை. அக்கா குழாயை எடுத்து மேசை இடுக்கியில் கவ்வ வைத்தார், டிரில்லைக் கையில் எடுத்தார். அவர் இதற்குமுன் டிரில் பிடித்து நான் பார்த்ததில்லை.

முதல் ஓட்டை கோணல். இரண்டாவதில் டிரில் முனை வழுக்கிக்கொண்டுபோய்க் குழாயில் நீளமாக ஒரு கோடு போட்டது. மூன்றாவதில் முனை படாரென்று உடைந்தது. அக்கா வேறு முனையை மாட்டினார்.

"ஆயில் ஊத்தணும்," என்றார் அண்ணன், வாசலிலிருந்தே.

அக்கா ஊற்றவில்லை.

"நீலா, ஆயில் ஊத்துன்னு சொல்றேன்ல."

"பாசிர் கூடாங் போறவருக்கு எங்க ஆயில் எதுக்கு?"

"மொதல்ல ஆணிய வச்சு ஒரு புள்ளி அடிச்சிட்டு டிரில் பண்ணு. எடுத்த எடுப்புல ஓட்ட போட்டா ஓடத்தான் செய்யும்."

அக்கா எடுத்த எடுப்பிலேயே போட்டார். அது ஓடியது. டிரில் அலறியது, புகை வந்தது, சன்னாசி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் தேயைக் கீழே வைத்தார்.

"அது ஓட்டையாடி? எலி கடிச்ச மாதிரி இருக்கு! நகரு!"

அக்கா நகர்ந்தார். அண்ணன் பயணத்துக்கு என்று போட்டிருந்த நல்ல சட்டையோடேயே குனிந்து, புள்ளி அடித்து, ஆயில் விட்டு, ஓட்டை போட்டார். உள்குழாயைச் செருகிப் போல்ட்டைப் பூட்டி ஆட்டிப் பார்த்தார். ஆடியது. திட்டினார். பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை போட்டு இரண்டாவது போல்ட்டைப் பூட்டினார். மறுபடி ஆட்டினார். கொஞ்சம்தான் ஆடியது. அதற்கும் திட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தன ஓட்டன்னு எழுதிக்க. அப்புறம் அதையும் அழிச்சிடாத," என்றார்.

அவர் கைப்பேசி மேசைமேல் அடித்தது. ஏஜெண்டு. அண்ணனின் இரண்டு கையிலும் ஆயில்.

"எடுத்துச் சொல்லு," என்றார் அக்காவிடம்.

"என்னன்னு?"

"கை ஒழியலன்னு சொல்லு."

"இன்னைக்கா, எப்பவுமா?"

அண்ணன் டிரில்லை அடுத்த புள்ளியில் வைத்து அழுத்தினார். அந்தச் சத்தத்துக்கு மேலே அக்கா ஃபோனில் கத்தினார்: "அவரு வரல லா! வேற ஆள் பாத்துக்குங்க! ஆமா, வரல! ஆமா லா, முடிவாத்தான்!"

டிரில் நின்றது. அண்ணன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். நான் கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது எறிவார் என்று நினைத்தேன்.

"நான் அப்படிச் சொல்லச் சொல்லல," என்றார்.

"தெரியும்."

"அவன் இனிமே கூப்பிட மாட்டான்."

"அதுவும் தெரியும். அந்தச் சட்டைய கழட்டுங்க, ஆயில் போகாது."

அவர் சட்டையைப் பார்த்தார். மார்பில் கறுப்பாக ஒரு கை அகலத்துக்குப் படிந்திருந்தது. கழற்றி அக்காவின்மேல் எறிந்துவிட்டு, உள்பனியனோடு அடுத்த குழாயைக் கவ்வ வைத்தார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடுவரை இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். கோபம்தான். ஆனால் குழாய்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே இருந்தன.

மூன்று மணிக்கு முதல் வண்டி நின்றது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. நான்கு நீளத்திலும் பிடியை மாற்றிப் பார்த்தோம். ஒரு போல்ட் இறுக்கமாக இருக்கிறது, ஸ்பானர் இல்லாமல் கழலவில்லை. காட்டில் யார் ஸ்பானர் வைத்துக்கொண்டு அலைவார்கள் என்று அக்கா கேட்டார். அதற்கு அண்ணன் சொன்னதை இங்கே எழுத முடியாது; கடைசியில், கையாலேயே திருகும் போல்ட் போடலாம் என்றானது.

மழையில் விட்ட வேலைக்காக ஞாயிறும் வெட்டு உண்டு என்று வள்ளியம்மா சொல்லியிருக்கிறார். நாளை காலை ஏழு மணிக்குச் சன்னாசி அண்ணனோடு வண்டியைக் கொண்டுபோய் ஹசானிடம் கொடுத்து, ஒரு நடை மலையிலும் ஒரு நடை பள்ளத்திலும் தள்ளச் சொல்லி, கையால் திருகும் போல்ட் எந்த இடத்தில் வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துவர வேண்டும்.